இன்சுலின் குப்பியும் போட்டி என்ற சொல்லும்

இங்கே டொராண்டோவில் காலை பத்து மணி. சிங்கப்பூரில் இரவு பத்து. தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு இணைந்திருப்பவர்களுக்கு முதல் நன்றி.

இந்தச் சந்திப்புக்கு 'போட்டி' என்று பொதுத் தலைப்பு கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் புலவர்களின் போட்டியையும் பதிப்பாளர்களின் போட்டியையும் பேசிவிட்டார்கள். பொருளியலிலும் சந்தைப்படுத்தலிலும் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்கு வந்த பங்கு. நான் நாகர்கோவில் பக்கத்தில் நர்சிங் டிப்ளமா படித்தவள், பொருளியல் வகுப்பில் உட்கார்ந்தவள் அல்ல. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு பணி நேரத்திலும் கையில் எடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. இன்சுலின் குப்பி. எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி என்போம், யாழ்ப்பாணத்து நண்பர்கள் சலரோகம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் இன்று இந்தத் திரையில் இருக்கும் அநேகமாக எல்லார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் அந்தக் குப்பிக்கோ பேனாவுக்கோ ஓர் இடம் இருக்கும். அதன் நூறு வருடக் கதையை வைத்துத்தான் இந்தச் சொல்லை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

முதலில் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித்துக்குப் போட்டி என்பது ஒரு செயல். சரக்கு தேவைக்கு மேல் குவிந்தால் விற்பவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலையைக் குறைப்பார்கள். சரக்கு தட்டுப்பட்டால் வாங்குபவர்கள் முந்திக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். மீன் சந்தையில் நின்றிருக்கிற யாருக்கும் இது தெரியும். 1838-ல் அந்துவான் கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் ஊற்றுநீர் விற்கும் இரண்டு பேரைக் கற்பனை செய்து கணக்குப் போட்டார். விற்பவர்கள் கூடக் கூட விலை செலவை நோக்கி இறங்கும் என்று காட்டினார். அதற்கு 45 வருடம் கழித்து ஜோசப் பெர்த்ரான் என்ற கணிதவியலாளர் அவரை மறுத்தார். விலையில் மோதிக்கொண்டால் இரண்டு பேரே போதும், விலை செலவு வரை விழுந்துவிடும் என்றார். இந்த 'இரண்டு பேரே போதும்' என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு வந்த பாடநூல்கள் அந்தச் செயலை ஒரு நிலையாக மாற்றிவிட்டன. எண்ணற்ற விற்பவர்கள், ஒரே மாதிரிச் சரக்கு, எல்லாருக்கும் எல்லா விலையும் தெரியும். நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிற நிறைவுப் போட்டி இதுதான். 1946-ல் பிரின்ஸ்டனில் ஃபிரெடரிக் ஹயக் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் தலைப்பே 'போட்டியின் பொருள்'. அவர் கேட்டது நியாயமான கேள்வி. விலையைக் குறைப்பது, சரக்கை மேம்படுத்துவது, விளம்பரம் செய்வது எல்லாமே இந்த நிலையில் இல்லாமல் போகிறதே, பிறகு போட்டியிட என்னதான் மிச்சம்?

சபையில் வளர்ந்தவளுக்குப் போட்டி என்றதும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஓட்டப்பந்தயம்தான் நினைவுக்கு வரும். எல்லாரும் ஓடுவார்கள், ஒருவர்தான் பரிசு பெறுவார். பொருளியல் பாடநூலில் ஓடுகிற யாருக்கும் பரிசு இல்லை. ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாடிக்கையாளருக்குத்தான் பரிசு. அந்தப் பரிசு குறைந்த விலை. அப்படியொரு பந்தயத்தில் எந்த வியாபாரி விரும்பி ஓடுவார்? 1933-ல் ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் இதற்குப் பதில் எழுதினார். ஒவ்வொரு விற்பனையாளரும் தன் சரக்கை அடுத்தவர் சரக்கிலிருந்து கொஞ்சம் வேறாக்கிக்கொள்கிறார், அந்த 'கொஞ்சம்' அளவுக்கு அவர் ஒரு சின்ன ஏகபோக முதலாளி. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சனும் நிறைவற்ற போட்டியைப் பற்றி நூல் எழுதினார். சந்தைப்படுத்தல் என்ற துறை நிற்கும் தரை இதுதான். பொருளியல்காரர் போட்டியால் விலை இறங்கும் என்கிறார். விற்பனைத் துறைக்காரர், விலையை இறக்காமல் எப்படிப் போட்டியிடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். ஒரே சொல், இரண்டு அறைகளில் எதிரெதிர் வேலை.

இனி குப்பிக்கு வருகிறேன். நான் வேலைக்குப் போகும் இந்த ஊரில்தான் அதன் கதை தொடங்குகிறது. 1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் பேராசிரியர் மெக்லியோட் தந்த ஆய்வகத்தில் நாய்களின் கணையத்தை ஆராய்ந்தார்கள். சாற்றைச் சுத்திகரிக்க ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். 1922 ஜனவரி 11-ல் டொராண்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பையனின் எடை 29 கிலோ. அன்று முதல் வகை நீரிழிவுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடத்தில் சீழ் கட்டியது. காலிப் சுத்திகரித்த இரண்டாவது மருந்து 23-ஆம் தேதி போடப்பட்டது. அது வேலை செய்தது.

கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை என்ன செய்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். இதை எல்லாரும் தியாகக் கதையாகச் சொல்கிறோம். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்கும் இருந்தது. காப்புரிமையே வாங்காமல் விட்டால் வேறு யாராவது வாங்கி எல்லாரையும் தடுத்துவிடுவார்கள். நாம் வாங்கி வைத்தால் யாரும் தடுக்க முடியாது. அதாவது போட்டியைத் தடுக்க உதவும் கருவியையே போட்டியைக் காக்கப் பயன்படுத்தினார்கள். மருத்துவர்கள் செய்த பொருளியல் வேலை இது.

மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து பெருமளவில் தயாரிக்கப் பல்கலைக்கழகத்தால் முடியவில்லை. இண்டியானாவில் இருந்த எலை லில்லி நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஓராண்டு தனியுரிமை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் உரிமம். லில்லி இங்கே ஒரு காரியம் செய்தது. மருந்துக்கு 'ஐலெடின்' என்று தன் சொந்தப் பெயரை வைத்தது. கவனியுங்கள், மருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, உலகத்தில் அதை ஒழுங்காகத் தயாரிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம், அதற்குள் பிராண்ட் பெயர். மருத்துவர் கை 'ஐலெடின்' என்று எழுதப் பழகிவிட்டால் நாளைக்குப் பத்து பேர் உரிமம் வாங்கி வந்தாலும் சீட்டில் இருக்கும் பெயர் ஒன்றுதான். டொராண்டோவுக்கு இது பிடிக்கவில்லை. மருந்தின் பெயர் இன்சுலின் என்பதில் பல்கலைக்கழகம் உறுதியாக நின்றது. லில்லியின் லேபிளில் இரண்டு பெயரும் இருந்தன. சேம்பர்லின் புத்தகம் எழுதுவதற்குப் பத்து வருடம் முன்பே அந்தச் சின்ன லேபிளில் இரண்டு அறைகளின் சண்டையும் நடந்து முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

போட்டி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கதை ஒன்று டென்மார்க்கில் இருக்கிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஆகஸ்ட் க்ரோக் 1920-ல் நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர். அவர் மனைவி மரீ மருத்துவர், நீரிழிவு நோயாளியும்கூட. 1922-ல் சொற்பொழிவுகளுக்காக அமெரிக்கா வந்த க்ரோக், மனைவியின் தூண்டுதலால் டொராண்டோவுக்கும் வந்து, ஸ்காண்டிநேவியாவில் இன்சுலின் தயாரிக்க அனுமதி வாங்கிப் போனார். ஹாகெடோர்ன் என்ற மருத்துவரோடு சேர்ந்து நோர்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். இலாபம் பார்க்காத அமைப்பு.

அங்கே ஹரால்ட் பெடர்சன் என்ற இயந்திரத் தொழில்நுட்பக்காரரும் அவர் தம்பி தோர்வால்டும் வேலை பார்த்தார்கள். தோர்வால்ட் மருந்தாளர். அவருக்கும் ஹாகெடோர்னுக்கும் ஒத்துப்போகவில்லை. 1924-ல் தோர்வால்டை வேலையைவிட்டு அனுப்பினார்கள். தம்பி போனால் நானும் போகிறேன் என்று அண்ணனும் கிளம்பிவிட்டார். இருவரும் வீட்டு நிலவறையில் இன்சுலின் தயாரித்து, சேர்ந்து செயல்படலாமா என்று நோர்டிஸ்கையே கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1925-ல் தனியாகவே விற்க ஆரம்பித்தார்கள். நிறுவனத்தின் பெயர் நோவோ. ஊசிக்குழாயும் அவர்களே செய்தார்கள்.

அதற்கப்புறம் 60 வருடத்துக்கும் மேலாக அந்தச் சின்ன நாட்டில் இரண்டு இன்சுலின் நிறுவனங்கள் முறைத்துக்கொண்டு நின்றன. 1936-ல் ஹாகெடோர்ன், மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து, மெதுவாக இறங்கும் இன்சுலினைக் கொண்டுவந்தார். 1946-ல் அதைச் சீராக்கி என்.பி.எச். என்ற மருந்து வந்தது. கடைசி எழுத்து ஹாகெடோர்னின் பெயர். உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டு, குலுக்காதே என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பால்நிறக் குப்பி இதுதான். 1950-களின் தொடக்கத்தில் நோவோவிலிருந்து புரோட்டமின் இல்லாமலேயே நீண்டு வேலை செய்யும் லென்ட்டே இன்சுலின் வந்தது. பிறகு யாருடையது அதிகம் தூய்மை என்ற மோதல். 1985-ல் நோவோ, பேனா வடிவ ஊசியைக் கொண்டுவந்தது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இவை ஒவ்வொன்றும் குறைந்த ஊசிகள், குறைந்த ஒவ்வாமை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற சுதந்திரம். ஸ்மித் சொன்ன விலைப் போட்டி இதில் பெரிதாக இல்லை. 1942-ல் ஜோசப் ஷும்பேட்டர் எழுதியது வேறு போட்டி. விலையில் காலணா குறைப்பதைவிடப் புதிய சரக்கு, புதிய முறை கொண்டுவருவதுதான் உண்மையான அடி என்பது அவர் வாதம். டென்மார்க்கில் நடந்தது அது. 1989-ல் இருவரும் இணைந்து நோவோ நோர்டிஸ்க் ஆனார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. பல விற்பனையாளர்கள் இருந்தால் போட்டி தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அங்கே சீக்கிரமே பதில் கிடைத்தது. 1941-ல் லில்லி, ஸ்குவிப், ஷார்ப் அண்ட் டோம் என்ற மூன்று நிறுவனங்கள் இன்சுலின் விலையைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு அபராதம் கட்டின. அது பழைய வகைக் குற்றம், புரிந்துகொள்வது எளிது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், பிடிபட்டார்கள்.

யாரும் ஒரே மேசையில் உட்காராமலேயே விலை ஏறியது அடுத்த கட்டம். 1982-ல் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த மனித இன்சுலின் வந்தது. 1996-ல் லில்லியின் ஹியூமலாக் வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2017-ல் அதே குப்பி ஏறத்தாழ 275 டாலர். உள்ளே இருக்கும் மருந்து மாறவில்லை. போட்டியாளர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். நோவோ நோர்டிஸ்க் இருந்தது, பிரான்சின் சனோஃபி இருந்தது. சனோஃபியின் லான்டஸும் நோவோவின் லெவெமிரும் 2009-க்குப் பிறகு சில ஆண்டுகளில் 13 முறை கிட்டத்தட்ட ஒரே அளவில், சில முறை ஒரே நாளில், விலை ஏறின. இரண்டு பேரே போதும் என்ற பெர்த்ரான் இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

பஃபலோவில் என் சித்தி மகள் இருக்கிறாள். முதல் வகை நீரிழிவு. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான், நடுவில் நயாகரா ஆறும் எல்லைச் சாவடியும். சில வருடங்களுக்கு முன் ஜனவரி மாதம் அழைத்தாள். "அக்கா, காப்பீடு வருஷ ஆரம்பத்துல ஒண்ணும் குடுக்காது. முதல்ல கைக்காசு கட்டித் தீர்க்கணும். ரெண்டு குப்பி வாங்கி வைக்கிறீங்களா? சனிக்கிழமை வரேன்." கனடாவில் இன்சுலின் வாங்க மருந்துச் சீட்டுகூடத் தேவையில்லை. வாங்கி வைத்தேன். வந்தவள் பெட்டியில் இருந்த விலையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, போன மாதக் கடைசியில் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். ஒரு நர்ஸாக அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். இன்சுலினை மிச்சம் பிடிப்பது அரிசியை மிச்சம் பிடிப்பது போல அல்ல. ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகிவிடும். 2017-ல் மினசோட்டாவில் 26 வயது இளைஞர் ஒருவர், தாயின் காப்பீட்டிலிருந்து வயது காரணமாக விலக்கப்பட்டு ஒரு மாதம் முடிவதற்குள், இப்படித்தான் இறந்தார். 2020-ல் அந்த மாநிலம் அவர் பெயரிலேயே அவசர இன்சுலின் சட்டம் இயற்றியது. 2019-ல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஒரு பேருந்து நிறைய நோயாளிகளோடு டெட்ராய்ட்டிலிருந்து விண்ட்சருக்கு வந்து பத்தில் ஒரு பங்கு விலைக்கு இன்சுலின் வாங்கிக் காட்டியதும் பலருக்கு நினைவிருக்கும்.

மூன்று நிறுவனங்கள் மோதிக்கொள்ளும்போது விலை ஏன் ஏறியது? மோதல் உண்மையானதுதான். ஆனால் அவர்கள் போட்டியிட்டது என் தங்கைக்காக அல்ல. அமெரிக்காவில் காப்பீட்டுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் நடுவில் பி.பி.எம். என்ற இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த மருந்து காப்பீட்டுப் பட்டியலில் வரும் என்று தீர்மானிப்பது அவை. மூன்று பெரிய பி.பி.எம்.களின் கையில்தான் பெரும்பாலான சீட்டுகள். பட்டியலில் இடம் வேண்டுமானால் ரிபேட் கொடுக்க வேண்டும், அதாவது விற்ற பிறகு திரும்பக் கொடுக்கும் தொகை. பெரும்பாலும் அது குறித்த விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. பெரிய ரிபேட் கொடுக்கப் பெரிய விலை வேண்டும். 21-ல் பாதி கொடுப்பவரைவிட 275-ல் பாதி கொடுப்பவர் பிடித்தமானவர். செனட்டர்கள் கிராஸ்லியும் வைடனும் இரண்டு வருடம் விசாரித்து 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இந்த ஓட்டத்தை நிறுவனங்களின் உள் ஆவணங்களைக் கொண்டே காட்டியது. ரிபேட் போகக் கையில் நின்ற தொகை குறைந்தது என்று நிறுவனங்கள் சொன்னதும் பொய்யல்ல. குறித்த விலையை முழுதாகக் கட்டியவர்கள் காப்பீடு இல்லாதவர்களும், என் தங்கையைப் போல ஆண்டின் தொடக்கத்தில் கைக்காசு கட்டுபவர்களும்தான். ஆரோக்கியமானவர்களின் சந்தாவைக் குறைக்க நோயாளி கட்டும் பணம் பயன்பட்டது. காப்பீடு என்ற ஏற்பாட்டையே தலைகீழாக்கிய காரியம் இது.

இதை ஒரே குப்பியில் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. லான்டஸுக்கு மாற்றாகப் பெங்களூரு பயோகான் தயாரித்த கிளார்ஜின் இன்சுலினை வியாட்ரிஸ் நிறுவனம் 2021 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு லேபிள்களில் வெளியிட்டது. 'செம்க்லீ' என்ற பெயரோடு ஏறத்தாழ 269 டாலர். பெயர் இல்லாமல், மருந்தின் வேதிப்பெயரோடு மட்டும், ஏறத்தாழ 99 டாலர். உள்ளே ஒரே திரவம். பாடநூல் சரி என்றால் 269 டாலர் குப்பி அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்க வேண்டும். பெரிய பி.பி.எம்.களில் ஒன்றான எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் தன் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது விலை கூடியதைத்தான். வியாட்ரிஸை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த வாசலில் யார் நிற்கிறார் என்று தெரிந்து இரண்டு கதவுக்கும் இரண்டு சாவி செய்தார்கள். சந்தைப்படுத்தல் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

கனடாவில் மலிவாக இருப்பதைப் பார்த்து இங்கே போட்டி நன்றாக நடக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1987-லிருந்து காப்புரிமை மருந்துகளின் விலையை ஒரு வாரியம் கண்காணிக்கிறது, மாகாணங்கள் சேர்ந்து பேரம் பேசுகின்றன. இந்தியாவில் அரசின் விலைக் கட்டுப்பாடும் உண்டு, உள்ளூர்ப் போட்டியும் உண்டு. 2003-ல் வோக்ஹார்ட், 2004-ல் பயோகான் என்று மலிவான மனித இன்சுலின்கள் வந்தன. (இடையில் நர்ஸாக ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா கொண்டுவரும் குப்பிகளில் பல, மில்லிக்கு 40 யூனிட். இங்கே 100. அந்தக் குப்பிக்கு இந்த ஊர் ஊசிக்குழாயைப் பயன்படுத்த வேண்டாம், இந்த ஊர்க் குப்பிக்கு அந்தக் குழாயையும் வேண்டாம். அளவு இரண்டரை மடங்கு தவறும்.)

2023 மார்ச்சில் லில்லி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. இரண்டே வாரத்தில் நோவோவும் சனோஃபியும் பின்தொடர்ந்தன. கடைசியில் ஆடம் ஸ்மித் வந்துவிட்டார் என்று நானும் செய்தி வாசித்த அன்று மகிழ்ந்தேன். பின்னணியில் இருந்தது ஒரு சட்டத் திருத்தம். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் விலையேற்றத்துக்காக நிறுவனங்கள் கட்ட வேண்டிய தொகைக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜனவரியோடு நீங்கியது. பழைய விலையிலேயே இருந்தால் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் விலையைவிட அதிகமாக அரசுக்குத் திருப்பிக் கட்ட நேரிட்டிருக்கும். முதியோர் காப்பீட்டில் மாதம் 35 டாலர் என்ற வரம்பும் 2023-லேயே வந்திருந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் மூன்று பெரிய பி.பி.எம்.கள் மீது இன்சுலின் விலைக்காக வழக்கும் தொடுத்தது.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் நம்பிக்கையோடு கொடுத்துவந்த லெவெமிர் விலையும் 65 சதவீதம் குறைந்தது. விலை குறைந்த அதே 2024 ஜனவரியில் அது பல காப்பீட்டுப் பட்டியல்களிலிருந்து விழுந்தது. உற்பத்தி நெருக்கடியையும் பட்டியல் இழப்பையும் காரணம் காட்டி நோவோ அதை அமெரிக்காவில் நிறுத்தியது. ஏப்ரலில் பேனா போனது, டிசம்பர் கடைசியில் குப்பி.

என் தங்கை இரண்டு பிள்ளைகளையும் லெவெமிரில்தான் பெற்றாள். மருந்துக் கடையில் வேறு பேனா கொடுத்திருக்கிறார்கள், அதே யூனிட் போடலாமா என்று அழைத்தாள். அளவை மருத்துவரிடம் கேள், முதல் வாரம் இரவு மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து சர்க்கரை பார், தலைமாட்டில் ஒரு டப்பா ஆரஞ்சுச் சாறு வைத்துக்கொள் என்றேன். ஏழு இரவும் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.